பொதுவிசை கேட்ட கொக்கு

முகம் தெரியாத ஒருவர் வலிய வந்து "உங்களுக்கு நல்லது செய்கிறேன்" என்றால், முதல் வேலையாக வாசலில் நம் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவின் கட்சி இதுதான். அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வாள். ஏமாளி என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளின் கண்ணில்தான் கொக்கு வந்து விழுந்தது.

கதைக்குள் போவதற்கு முன் அக்காவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனிக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறாள். அது வயிற்றுக்கு. சாயங்காலத்தில் செவிவிளக்கு என்ற இன்னொரு மென்பொருளுக்கு எழுதுகிறாள். அது மனசுக்கு. கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்வதுதான் செவிவிளக்கின் வேலை. கண் தெரியாதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே கடிதம் எழுதுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள், வேலைக்குப் போவார்கள். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை ஊருக்கே திருப்பிக் கொடுக்கலாம். திசைக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் காலணா வாங்காமல் அதை எழுதுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். ஒரு பிழையைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அக்காவுக்கு அங்கே உடும்பு என்று பெயர்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அவரவர் எழுதும் பகுதியில் அவரவர் பேச்சே கடைசிப் பேச்சு. கடிதப் பகுதியை எழுதும் முரடன், அடுத்த கடிதத்துக்குப் போக விசைப்பலகையில் ஒரு விசை வைத்திருந்தார். கணக்கு அட்டவணைப் பகுதிக்காரர் அதே வேலைக்கு வேறு விசை வைத்திருந்தார். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன். அதைத்தான் அவர்கள் சுதந்திரம் என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் என்றோ கழன்று போயிருப்பார்கள். சம்பளமும் இல்லை, சொந்த இஷ்டமும் இல்லை என்றால் எவன் வந்து உட்காருவான்?

விசைப்பலகைப் பகுதி அக்காவுடையது. எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவள் வைத்த சட்டம். அவள் இந்த வேலைக்கு வந்ததே தம்பியால்தான். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவனுக்குப் பார்வை போய்விட்டது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தம்பி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் மேசையில் இருக்கிறான். டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டுக் கூப்பிடுபவர்களின் பெயரையும் நம்பரையும் கணினியில் ஏற்றுவது வேலை. அவன் விரல்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல அக்கா தனியாக விசைகள் அமைத்துக் கொடுத்திருந்தாள். எதிர்முனையில் இருப்பவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பான். கண் தெரிந்தவர்களே அந்த வேகத்துக்கு வரமாட்டார்கள் என்று மேற்பார்வை அம்மாள் சொன்னபோது, அக்காவுக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

கொக்கு என்ற பெயரில் வந்த கடிதம் சின்னதுதான். செவிவிளக்குக்காரர்கள் எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் அது இருந்தது.

"எல்லாப் பகுதிக்கும் ஒரே பொதுவிசைகள் வேண்டும். அடுத்த வரிக்குப் போக வேண்டுமென்றால் எந்தக் கணினியிலும் ஒரே விசை. இப்போது இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது. எழுதுபவருக்குச் சுதந்திரம் இருக்கிறது, பயன்படுத்துபவருக்கு இல்லை. ஒரு கணினியில் பழகிய கை இன்னொன்றில் ஊமையாகிவிடுகிறது. என்ன நடக்கிறது என்பதை இந்த ஒலிப்பதிவில் கேளுங்கள்."

கீழே ஓர் ஒலிப்பதிவு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் அதற்குக் கீழே இன்னும் பலர் வந்து, எங்களுக்கும் அதேதான், எங்களுக்கும் அதேதான் என்று ஆளுக்கொரு ஒலிப்பதிவு போட்டுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆனது. மற்றவர்கள் ஆயிரம் சொன்னாலும், விசைப்பலகைப் பகுதிக்காரி தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. தலையசைத்தால் தம்பியின் தனி விசைகள் போய்விடும். ஏனென்றால் பொதுவிசைக்காரர்கள் கேட்ட அதே விசைகளின் மேல்தான் அவை உட்கார்ந்திருந்தன. தம்பியின் கை தடுமாறும். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே டெலிபோன் மேசையில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தடுமாறுகிற கையைத்தானே முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள்? யார் குடும்பத்தில் யார் வந்து மண்ணைப் போடுகிறார்கள் என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

முதல் சந்தேகம் பெயரிலேயே வந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது தவம் செய்வதற்கு இல்லை, மீன் பிடிப்பதற்கு. அப்படியானால் மீன் யார்?

இரண்டாவது சந்தேகம் நேரத்தில். கொக்கு எழுதுவது எல்லாம் மத்தியான இடைவேளையில், அல்லது ஆபீஸ் விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஞாயிற்றுக்கிழமை மூச்சே இல்லை. சும்மா செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமைதான் செய்வான். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிறவன் சம்பளக்காரன். காசு வாங்கிக்கொண்டு இதே மாதிரி மென்பொருள் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று இருந்தது. இன்று எல்லோர் கையையும் ஒரே விசைக்குப் பழக்கிவிட்டால், நாளைக்கு மந்தையை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போவது சுலபம். முரடனும் அப்படித்தான் எழுதினார். "உடும்பே, பிடியை விடாதே. இது கம்பெனி ஆள். ஒலிப்பதிவெல்லாம் நாடகம். நான் கேட்கவே இல்லை."

அக்காவும் கேட்கவில்லை. தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறப்பதில்லை என்பது அவளுக்கு வேதம். முன்பு ஒருமுறை, கிடங்குக் கம்பெனியில் யாரோ அனுப்பிய வாழ்த்து மடலை யாரோ திறக்கப்போய், ஆபீஸே முடங்கிப்போனதைப் பார்த்தவள். சூடு கண்ட பூனை.

மூன்றாவது சந்தேகம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சுவாக்கில் கொக்கு ஓர் உதாரணம் எழுதியிருந்தது. இடது ஓர விசையை இரண்டு தரம் தட்டினால் போன் நம்பர் எழுதும் கட்டத்துக்குப் போகும்படி ஒருவருக்கு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதே பழக்கத்தில் அவர் வேறொரு கணினியில் தட்டினால் எழுதியது பூராவும் அழிந்துபோகிறது என்று. அந்த விசை அக்கா தம்பிக்காக அமைத்தது. வீட்டுக் கணினியிலும் ஆஸ்பத்திரிக் கணினியிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எவனோ உள்ளே புகுந்து பார்த்திருக்கிறான்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேற யாராவது உக்காருறாங்களா?"

தம்பி பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தான். "இல்லக்கா. நான் மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்?"

"அவர் அதைத் தொடவே பயப்படுவாரு."

"அப்புறம் எப்படி இந்தக் கொக்குக்குத் தெரிஞ்சுது? என் வீட்டுச் சமையலறையில எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு எவனோ சொல்ற மாதிரி இருக்கு."

"நீ அந்த ஆள் என்ன சொல்றாருன்னு பாத்தியா, இல்ல ஆள் யாருன்னு மட்டும் தேடுறியா?"

"என்ன சொன்னா எனக்கென்ன? திருடன் நல்லாப் பாடுறான்னு கதவைத் திறந்து விடுவாங்களா?"

"ஏதோ ஒலிப்பதிவு போட்டிருக்காருன்னு சொன்னியே. அதையாவது கேட்டியா?"

"தெரியாத ஆள் அனுப்புறதை நான் திறக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு, தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவப் போனான். பாவம், வேலை போய்விடும் என்று பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. கொக்கின் மேல் இன்னும் கொஞ்சம் ஆத்திரம் ஏறியது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே கிளம்பினாள். சாக்குக்கு, தம்பியின் மாற்று இயர்போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோர் கையிலும் டோக்கன் சீட்டு. நம்பரைக் கூப்பிடும் சிவப்பு எழுத்துப் பலகையில் பாதி விளக்கு எரியவில்லை. அதனால் எட்டுக்கும் மூன்றுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெலிபோன் மேசை. தம்பி காதில் ஹெட்போனோடு பேசிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் ஓடுவதைப் பார்த்தால் அக்காவுக்கு எப்போதும் ஒரு கர்வம் வரும். அன்றைக்கும் வந்தது.

ரிப்பேர்காரர் நடைவழியில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அளவுக்கு மீறிச் சிரித்தார். அதுவே சரியில்லை என்று பட்டது.

"எங்க தம்பி மெஷின்ல நீங்க ஏதாவது காப்பி எடுத்தீங்களா? யாருக்காவது அனுப்பினீங்களா?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"அம்மா, அதை ஆன் பண்ணினா அது பேசுது. ஒரு தடவை மவுசைத் தொட்டேன், 'காலி'ன்னு சொல்லிச்சு. அன்னியிலேருந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல."

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. நடிக்கத் தெரிந்தவனாகவும் இருக்கலாம் என்று அவரையும் ஒரு மூலையில் குறித்துவைத்தாள். அப்போதுதான் மேற்பார்வை அம்மாள் எதிரே வந்தார்.

"வாங்க, நல்லாருக்கீங்களா? தம்பிக்கு உடம்பு தேவலையா? போன மாசம் ஒரு புதன்கிழமை காய்ச்சல்னு லீவு போட்டாரே."

"தேவலைங்க" என்று அக்காவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எந்தப் புதன்கிழமை என்று கேட்கத் தேவையில்லை. போன மாதம் மழை கொட்டிய அந்தப் புதன்கிழமையை அவளுக்கு ஞாபகம் இருந்தது. குடை பிடித்து, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இயர்போனைக் கொடுக்காமலே திரும்பிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இவ்வளவு நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயிற்று, வீட்டுக்குள் பார்க்கவில்லையே. தம்பி எங்கே போனான்? யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரனாகத்தான் இருக்கும். ஆசை காட்டியிருப்பான், இவன் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது? அப்புறம் இன்னொன்று உறைத்தது. கொக்கின் முதல் கடிதம் வந்ததும் அதே புதன்கிழமை சாயங்காலம்தான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. அந்த நிலையிலும் பழக்கம் விடவில்லை பாருங்கள், பரண் மேலிருந்த பழைய கணினி ஒன்றை இறக்கி, இணையத்தோடு சேர்க்காமல், ஒலிப்பதிவை அதில் ஏற்றித்தான் ஓட விட்டாள். வெடித்தால் அது தனியாக வெடிக்கட்டும்.

ஒன்றும் வெடிக்கவில்லை. முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு செவிவிளக்கின் குரல், "கட்டம் இல்லை" என்றது. விசை தட்டும் ஒலி. "கட்டம் இல்லை." திரும்பவும் தட்டும் ஒலி, இந்தத் தடவை வேகமாக. "அழிக்கப்பட்டது."

ஒரு வயதான ஆண் குரல் பரிவாகச் சொன்னது. "அவசரம் இல்ல தம்பி. டீ குடிச்சிட்டு மெதுவாப் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில ரொம்ப வேகம்னு அப்ளிகேஷன்ல போட்டிருந்தீங்களே?"

"அது எங்க அக்கா செட் பண்ணிக் கொடுத்ததுங்க. இங்க வேற மாதிரி இருக்கு." தம்பியின் குரல்.

"அப்ப அக்காவையும் சேர்த்துத்தான் நாங்க வேலைக்கு எடுக்கணும்" என்று அந்தக் குரல் சிரித்தது. அறையில் இன்னும் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா வேடிக்கைக்குச் சிரித்தது. தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். எரிந்து விழுந்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்து சட்டையை மாற்றும் வரை பொறுத்திருந்தாள்.

"கொக்கு நீதானா?"

தம்பி கட்டிலில் உட்கார்ந்தான். பயந்த மாதிரித் தெரியவில்லை. பாரம் இறக்கியவன் மாதிரிதான் இருந்தான். "கேட்டுட்டியா?"

"இன்னிக்குத்தான்."

"நீ முதல் நாளே கேப்பேன்னு நினைச்சேன். கேட்டா என் குரல் தெரிஞ்சிடும்னுதான், இன்டர்வியூவுல என் போன்ல பதிவு பண்ணினதை வெட்டாம அப்படியே போட்டேன். தினம் வீட்டுக்கு வரும்போது, இன்னிக்குக் கேட்டிருப்பா, கத்தப்போறான்னு நினைச்சுக்கிட்டே படி ஏறுவேன். நீ என்னடான்னா சாப்பாடு போட்டுட்டு, கொக்கு நாசமாப் போகன்னு சொல்லுவ."

"ஏன்டா, எங்கிட்ட நேரா சொல்லக்கூடாதா? நான் என்ன வேத்து ஆளா?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"நூலகத்துல கம்ப்யூட்டர் எனக்குச் சரியா வரலைன்னு சொன்னேன். நீ அங்க போய் அதுக்குன்னு தனியா ஒரு விசையைப் போட்டுட்டு வந்த. பாங்க்ல கஷ்டமா இருக்குன்னு சொன்னேன். இனிமே பாங்க் வேலையை நான் பாத்துக்கறேன்னுட்ட. போன வருஷம் வேற வேலைக்கு முயற்சி பண்ணட்டுமான்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலயே இன்னும் வேகமா ஆகுறதுக்குன்னு ரெண்டு விசை புதுசாப் பண்ணிக் கொடுத்த. நான் எதைக் கேட்டாலும் ஒரு விசை வருதுக்கா. கதவைத் திறன்னா, நீ உள்ளயே இன்னொரு நாற்காலி கொண்டாந்து போடுற."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை அவனுக்குத் தெரியாது என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்காகவே வெட்கப்பட்டாள். தன் கையால் செய்ததெல்லாம் அன்பு என்றுதான் இவ்வளவு காலம் இருந்தாள். அன்புதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவனைக் கட்டிப்போட்டதும் அதே கைதான்.

"சரி. நாளைக்கே சம்மதம்னு எழுதிடுறேன். உனக்காக" என்றாள்.

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

"அப்ப வேண்டாம்."

"என்னடா இது, வேணும்னு ஒரு மாசமா ஒத்தக் கால்ல நின்னுட்டு?"

"எனக்காகன்னா அதுவும் நீ எனக்குப் பண்ணிக் கொடுக்குற இன்னொரு விசைதான். எனக்குக் கீழ எத்தனை பேர் பதிவு போட்டிருக்காங்க. அவங்களைக் கேளு. கேட்டுட்டு, தப்புன்னு பட்டா தப்புன்னு எழுது. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யாருக்காகப் பாடுபட்டாளோ அவனே வேண்டாம் என்றால் வராதா? ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. அடுத்த நாள் கிடங்குக் கம்பெனியில், மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். வகுப்புக்கு வகுப்பு கணினி மாறுகிறது, எது எந்த விசை என்று பிள்ளைகளிடமே கேட்க வேண்டியிருக்கிறது, அதில் ஒன்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறது. வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்யும் பெண் ஒருத்தி. கணினி ரிப்பேருக்குப் போய் வேறு யாருடைய விசையோடோ திரும்பி வந்தது, ஒரு காலைப் பொழுது முழுக்க எழுதத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு மனுஷன் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். "என் மேலதான் தப்பு இருக்கும், எனக்குக் கத்துக்க வரல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர்களையெல்லாம் கூலிக்குப் பேசும் ஆட்கள் என்று ஒரு மாதமாக முரடனோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்ததை நினைத்தபோது அக்காவுக்கு உடம்பு கூசியது.

கடைசிக்கு முந்தியதில் ஒரு வயதான அம்மாள் பேசினார். "இந்த விசைப் பகுதியை எழுதினவங்க நல்லவங்களாத்தான் இருக்கணும். ஒவ்வொண்ணையும் ரொம்ப யோசிச்சு வச்சிருக்காங்க. ஆனா யாரை நினைச்சு யோசிச்சாங்கன்னுதான் தெரியல. என்னை நினைக்கல."

அக்கா அதைத் திரும்ப ஒரு தரம் கேட்டாள். பிறகு சம்மதம் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவில்லை, உடும்பு உடும்புதான். பொதுவிசைகளை எழுதுபவர்கள் மட்டும் கூடி முடிவு செய்யக்கூடாது, பயன்படுத்துபவர்கள் சொல்லித்தான் வைக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் விசைகளையும் அப்படியே தூக்கி வைக்கக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனையையும் போட்டாள். கொக்குக்குப் பின்னால் கம்பெனி இல்லை என்று தெரிந்துவிட்டது, சரி. நாளைக்கு வராது என்று யார் சொன்னது? கடைசியில், ஒலிப்பதிவுகளைக் கேட்காமலே பேசியதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

முரடனின் பதில் உடனே வந்தது. "எவ்வளவு கொடுத்தார்கள்?" அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் தோளோடு தோள் நின்ற மனிதர். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று வரை தானும் இதே கேள்வியைத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியதால் திட்டி எழுத மனசு வரவில்லை. ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள் என்று மட்டும் எழுதினாள். அவர் கேட்டாரா இல்லையா, இன்றுவரை தெரியாது.

பொதுவிசை வந்த முதல் வாரம், தம்பியின் பாடு திண்டாட்டம்தான். ஆஸ்பத்திரியில் ஒரே பெயரை இரண்டு தரம் ஏற்றினான், ஒரு நம்பரை அழித்தான். மேற்பார்வை அம்மாள் கூப்பிட்டு, மாதம் முடிவதற்குள் பழைய வேகம் வராவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா பயந்தது ஒன்றும் பொய்ப் பயம் இல்லை. அவன் சாயங்காலம் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழக ஆரம்பித்தான். அந்த மழை நாளில் இன்டர்வியூவுக்குப் போன இடத்திலிருந்து அவனைத் திரும்பவும் வரச் சொல்லியிருந்தார்கள். அது வேறு ஊர். வேலை கிடைத்தால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அதை அவன் சொன்னபோது, அக்கா சரி என்று சொல்லிவிட்டு, கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

ஒருநாள் காய்ந்த துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு அவன் அறையைத் தாண்டினாள். உள்ளே செவிவிளக்கு "கட்டம் இல்லை" என்றது. தட்டினான். "கட்டம் இல்லை." எந்த விரல் எங்கே தப்பாகப் போகிறது என்று அக்காவுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. விரலை ஒரு விசை தள்ளி வைத்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்ற கையைக் கதவில் வைத்தாள்.

"அக்கா, வெளிய நிக்கிறியா?"

"இல்லையே."

"நடை நின்னுச்சு, எனக்குக் கேட்டுச்சு. என்ன பண்ற அங்க?"

"துணி மடிச்சேன்."

"கதவுக்கு முன்னாடி நின்னா?"

அவள் இடுப்பிலிருந்து சரிந்த துணியை ஏற்றி இடுக்கிக்கொண்டாள்.

"போக்கா" என்றான் தம்பி.

உள்ளே திரும்பவும் ஒரு தப்பு விசை விழுந்தது. அதற்கடுத்ததும் தப்பு. அக்கா கையைக் கதவிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.